வீல் ஸ்பேனரை முதலில் வீட்டு வாசலில் பிடியுங்கள்

காரோடு வரும் எல் வடிவ வீல் ஸ்பேனரைப் பலர் டயர் பஞ்சரான பிறகுதான் முதன்முதலாகக் கையில் எடுக்கிறார்கள். புதிதாக ஓட்டப் பழகிய என் மகளுக்கு நான் முதலில் கொடுத்த வேலையே, வண்டி வாசலில் நிற்கும்போது ஒரு நட்டைத் தளர்த்தித் திரும்ப முடுக்குவதுதான். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பெரும்பாலான கார்களில் வீல் நட்டை 80 முதல் 120 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) வரை முடுக்கச் சொல்வார்கள். உங்கள் காருக்கான அளவு கையேட்டில் இருக்கும். 100 என்று வைத்துக்கொண்டால், கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 40 கிலோ எடையை அழுத்த வேண்டும். ஸ்பேனர் அரை மீட்டர் இருந்தால் 20 கிலோ போதும். ஆக, இதற்குப் புஜபலத்தைவிடக் கைப்பிடியின் நீளம்தான் முக்கியம். டயர் கடையில் ஏர் கன்னால் அளவுக்கு மீறி முடுக்கிய நட்டு இன்னும் அதிகம் கேட்கும். அதனால் டயர் மாற்றி வந்த அன்றே, உங்கள் ஸ்பேனருக்கு அந்த நட்டுகள் அசைகின்றனவா என்று பாருங்கள். அசையாவிட்டால் கடைக்கே திரும்பிப் போய்த் தளர்த்தி, சரியான அளவில் முடுக்கித் தரச் சொல்லுங்கள்.

என் டிக்கியில் கூட்டல் குறி வடிவக் கிராஸ் ஸ்பேனர் இருக்கிறது. நான்கு முனைகளில் 17, 19, 21, 23 மில்லிமீட்டர் வாய்கள். ஒரு கை கீழே அழுத்த, மறு கை மேலே இழுக்கும். இரண்டு பக்கமும் சமமாக விசை போவதால் வாய் நட்டை விட்டு நழுவாது. நட்டு தளர்ந்த பிறகு விறுவிறுவென்று சுழற்றியும் எடுக்கலாம். இடத்தை அடைக்கும் என்பதுதான் இதன் குறை. மகளின் சிறிய காருக்கு, இழுத்தால் நீளும் ஸ்பேனர் வாங்கினேன். எதை வாங்கினாலும் வாய்க்கு உட்புறம் ஆறு பட்டையாக இருக்கட்டும். பன்னிரண்டு பட்டை வாய், இறுகிய நட்டின் முனைகளைச் சுலபமாக மழுக்கிவிடும். அலாய் வீலில் நட்டுக் குழி குறுகலாக இருக்கும், தடித்த வாய் உள்ளே போகாது. அதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

சரி, சாலையோரத்துக்கு வருவோம். போக்குவரத்தை விட்டு விலகிச் சமதரையில் நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, கழற்றப்போகும் சக்கரத்துக்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியில் தூக்கும் முன்பே நட்டுகளைத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு பலமாக அழுத்தினால் சக்கரமும் சுற்றும், வண்டியும் ஜாக்கியிலிருந்து சரியும்.

எல் ஸ்பேனர் என்றால், வாயை நட்டில் கடைசிவரை செருகி, கைப்பிடி இடப்பக்கம் படுத்திருக்கும்படி மாட்டுங்கள். இப்போது கீழே அழுத்தினாலே நட்டு தளரும் திசைதான். கை போதவில்லையா? காரைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் நுனியில் ஒரு காலை வைத்து மெதுவாக எடையை இறக்குங்கள். குதிக்க வேண்டாம். ஸ்பேனர் நழுவினால் உங்கள் முழங்கால்தான் சாலையில் மோதும். ஒவ்வொரு நட்டையும் அரைச் சுற்று தளர்த்தினால் போதும், மிச்சத்தைத் தூக்கிய பிறகு கழற்றலாம். திருட்டைத் தடுக்கும் பூட்டு நட்டு இருந்தால் அதற்கான சாவி தனி. அது ஸ்பேனரோடு ஒரே பையில் கிடக்கட்டும்.

ஸ்டெப்னியை மாட்டியதும் நட்டுகளை முதலில் விரலாலேயே ஏற்றுங்கள். நட்டின் ஒரு பக்கம் கூம்பாக இருந்தால் அந்தக் கூம்பு சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மரையில் எண்ணெய் தடவாதீர்கள், அதே அழுத்தத்துக்குப் போல்ட் கூடுதலாக இழுபடும். அப்புறம் வண்டியை இறக்கி, கைப்பிடியை வலப்பக்கம் வைத்து, எதிரெதிர் நட்டுகளாக மாறி மாறி முடுக்குங்கள். கைப்பிடியில் குழாய் செருகி நீளம் கூட்டுவதைத் தளர்த்தும்போது மட்டும் செய்யலாம். முடுக்கும்போது செய்தால் போல்ட்டே நீண்டு பலமிழக்கும்.

50 கிலோமீட்டர் ஓடியதும் ஓரமாக நிறுத்தி, எல்லா நட்டையும் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். ஸ்பேனரைப் பெட்டிகளுக்கு அடியில் புதைக்காமல், டிக்கியைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.