ஸ்லாப் செரிஃப் எழுத்துருவை அடையாளம் கண்டு பயன்படுத்துவது எப்படி?

ஆங்கில எழுத்துகளின் கோடுகள் முடியும் இடத்தில் குறுக்காக நீளும் சிறு கோட்டுக்கு செரிஃப் என்று பெயர். டைம்ஸ் நியூ ரோமனில் அது மெலிந்து கூராக முடியும். ஸ்லாப் செரிஃபிலோ தடித்த பட்டையாக, பெரும்பாலும் எழுத்தின் நடுத்தண்டுக்கு நிகரான கனத்தோடு நிற்கும். இந்தக் கனத்தை எங்கே வெளிக்காட்டுவது, எங்கே அடக்கி வைப்பது என்பதே இதைப் பயன்படுத்துவதில் கற்க வேண்டிய முக்கியமான பாடம்.

படி 1: அடையாளம் காணுதல்

ராக்வெல், கிளாரண்டன் ஆகிய இரு ஸ்லாப் செரிஃப் எழுத்துருக்களிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து எச்-ஐ (H) 72 பாயின்ட் அளவில் அருகருகே தட்டச்சு செய்யுங்கள். 1934இல் மோனோடைப் நிறுவனம் வெளியிட்ட ராக்வெலில் தண்டும் பட்டையும் ஏறத்தாழ ஒரே தடிமனில், செங்கோணமாகச் சந்திக்கும். 1845இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லியின் அச்செழுத்து வார்ப்பகத்தில் உருவான கிளாரண்டனில் அவை சிறு வளைவோடு இணையும். கோடுகளிலும் தடிமன் வேறுபாடு தெரியும். ராக்வெல் இயந்திரத்தின் ஒழுங்கைக் காட்டுவதும், கிளாரண்டன் பழைய அச்சகத்தின் இதத்தைத் தருவதும் இந்த ஒரு சந்திப்பினால்தான் என்பதால், இதைப் பொறுமையாகப் பாருங்கள். கூரியர் என்ற எழுத்துருவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தட்டச்சுப்பொறிக்காக வரையப்பட்ட அதில் எல்லா எழுத்துகளுக்கும் ஒரே அகலம் என்பதால், சிறிய எழுத்து ஐ (i) போன்ற ஒல்லியான எழுத்துகளின் இருபுறமும் விழும் வெற்றிடத்தை அகன்ற செரிஃப்களே நிரப்புகின்றன.

படி 2: தேர்ந்தெடுத்தல்

புதியவர்களுக்கு ரோபோட்டோ ஸ்லாப் ஏற்றது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் இதில் 100 முதல் 900 வரை தடிமன்கள் உள்ளன.

படி 3: தலைப்பு அமைத்தல்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வகை எழுத்துகள் லண்டனில் பரவியது விளம்பரங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும்தான். இன்றும் தலைப்பே இவற்றின் சொந்த வீடு. தடிமன் 700, அளவு 32 பிக்சல், வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.2 மடங்கு என்று தொடங்குங்கள். தலைப்பைச் சுற்றி வெற்றிடம் தாராளமாக இருக்கட்டும்.

படி 4: பத்தி அமைத்தல்

பத்திக்கு, செரிஃப் இல்லாத ரோபோட்டோ எழுத்துருவைப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். இரண்டும் ஒரே அடிப்படை வடிவத்திலிருந்து வந்தவை என்பதால் தலைப்போடு இயல்பாகப் பொருந்தும். பத்தியிலும் ஸ்லாப் வேண்டுமானால் தடிமன் 300 அல்லது 400, அளவு 18 பிக்சல், வரி உயரம் 1.6 என்று வையுங்கள். 700இல் நீண்ட பத்தியை அமைத்தால் பட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பக்கமே இருண்டுவிடும். ரோபோட்டோ ஸ்லாப்பில் சாய்வெழுத்துக்குத் தனி வடிவம் இல்லை. சாய்வு கேட்டால் உலாவி நேரெழுத்தையே செயற்கையாகச் சரித்துக் காட்டும். ஆகவே அழுத்தம் தர வேண்டிய சொல்லுக்குத் தடிமனை மட்டும் கூட்டுங்கள்.

படி 5: சரிபார்த்தல்

ரோபோட்டோ ஸ்லாப்பில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கமானால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை எழுத்துரு வரிசையில் அடுத்ததாகக் குறிப்பிட்டு, இரண்டின் கனமும் ஒத்துப்போகும்வரை தடிமனை மாற்றிப் பாருங்கள். பிறகு பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, தலைப்பிலுள்ள ஆங்கிலச் சிறிய எழுத்துகளான ஏ (a), ஈ (e), எஸ் (s) ஆகியவற்றின் உள்வெளிகளைக் கவனியுங்கள். அவை அடைபட்டதுபோல் தெரிந்தால் தடிமனை 700இலிருந்து 600க்கு இறக்குங்கள்.