வாரம் ஒரு ஊசி: மவுன்ஜாரோ பேனாவை முதல் தடவை எடுப்பவர்களுக்கு

எடை குறைக்கிற ஊசி போடுகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "வலிக்குமா?" வலிக்காது. நாலு மில்லிமீட்டர் ஊசிதான், எறும்புக்கடி அளவுகூட இல்லை. யாரும் கேட்காத வேறு சில விஷயங்கள்தான் முதல் இரண்டு மாதம் ஆளைப் படுத்தி எடுக்கும். எட்டு மாதமாகப் போடுகிறேன், நான் சொதப்பிய இடங்களையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நான் போடுவது டிர்செபடைடு என்ற மருந்து, மவுன்ஜாரோ க்விக்பென் என்ற பேனா வடிவ ஊசியாக வருவது. இதேபோன்ற இன்னொரு மருந்தான செமாக்ளூடைடு போடுபவர்களுக்கு டோஸ் கணக்கும் பேனாவும் வேறு, அதனால் உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள்.

முதலில் டாக்டர்

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 30 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 27ஐத் தொட்டு கூடவே சர்க்கரையோ பிபியோ இருப்பவர்களுக்கான மருந்து இது. கல்யாணத்துக்குள் நாலு கிலோ குறையணும் என்பதற்கெல்லாம் இல்லை. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை உண்டு: வீட்டில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா, உங்களுக்குக் கணைய அழற்சியோ பித்தப்பைக் கல்லோ இருந்ததா, குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்களா. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அதைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இந்த ஊசி இரைப்பை காலியாவதையே மெதுவாக்குகிறது, அதனால் கருத்தடை மாத்திரை சரியாக உடம்பில் சேராமல் போகலாம். ஆரம்பித்த முதல் நாலு வாரமும், டோஸ் ஏற்றும்போதெல்லாம் அடுத்த நாலு வாரமும், ஆணுறை போல இன்னொரு பாதுகாப்பும் வேண்டும்.

வாங்குவதும் வைப்பதும்

மருந்துச் சீட்டைக் காட்டி, பில்லோடு வாங்குங்கள். ஜிம்மில் "நம்ம ஆள்கிட்ட கம்மி ரேட்டுக்கு இருக்கு" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது இது குப்பியில்தான் வந்தது, பேனா பிறகுதான். குப்பி வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்: ஒரு டோஸ் அரை மில்லி. நம் ஊர்க் கடைகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட இன்சுலின் சிரிஞ்சும் கிடைக்கும், 100 யூனிட் என்று போட்டதும் கிடைக்கும். முன்னதில் அரை மில்லி என்றால் 20 என்று எழுதிய கோடு, பின்னதில் 50 என்று எழுதிய கோடு. கடைக்காரர் எதைக் கொடுத்தார் என்று பார்க்காமல் கோட்டை மட்டும் மனப்பாடம் செய்தால் கதை கந்தல்.

ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே ஒரு தட்டு இருக்குமே, அங்கே வேண்டவே வேண்டாம். நான் அங்கேதான் வைத்தேன். ஒருநாள் காலையில் உள்ளே பனித்துகள் மினுங்கியது, முழுப் பேனாவும் குப்பைக்குப் போனது. கதவுத் தட்டும் எனக்குச் சரிப்படவில்லை, திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறும். நடுத்தட்டில், தயிர் டப்பா பக்கத்தில் வையுங்கள். திறந்த பேனா 30 டிகிரிக்குக் கீழே 30 நாள் வெளியில் இருக்கலாம் என்கிறார்கள், ஆனால் சென்னை மே மாதத்தில் அது எந்த வீட்டில் நடக்கும்?

ஊசி போடும் நாள்

கையைக் கழுவுங்கள். மருந்து தெளிவாக இருக்கிறதா பாருங்கள். லேசான மஞ்சள் பரவாயில்லை, கலங்கியிருந்தால் போடாதீர்கள். புது ஊசியைத் திருகி மாட்டி இரண்டு மூடிகளையும் எடுங்கள், பெரிய மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், திரும்ப வேண்டும்.

அடுத்தது பிரைமிங், பேனாவுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. பேனாவின் பின்முனைக் குமிழை இரண்டு கிளிக் திருப்பினால் டோஸ் காட்டும் சின்ன ஜன்னலில் நீளக் கோடு தெரியும். ஊசி மேலே பார்க்க, பேனாவை விரலால் மெல்லத் தட்டிவிட்டு, குமிழை 0 வரும்வரை அழுத்தி ஐந்து எண்ணுங்கள். முனையில் மருந்து தெரிய வேண்டும். "போன வாரம்தான் செய்தோமே" என்று விடாதீர்கள், ஒவ்வொரு தடவையும் செய்தால்தான் அளவு சரியாக வரும்.

பிறகு 1 வரும்வரை திருப்புங்கள். அந்த 1 என்பது ஒரு மில்லிகிராம் அல்ல, ஒரு முழு டோஸ். வயிற்றில் தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளியோ தொடையிலோ நேராகக் குத்தி, 0 வரை அழுத்தி, அப்படியே வைத்துக்கொண்டு மெதுவாக ஐந்து எண்ணுங்கள். முதல் வாரம் பதற்றத்தில் உடனே உருவிவிட்டேன், ஒரு துளி வயிற்றில் வழிந்து லுங்கியில் இறங்கியது. அன்று போனது எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொண்டே தூங்கினேன். போட்டபின் ஊசியைப் பெரிய மூடியால் மூடிக் கழற்றி, கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி வையுங்கள். நிறைந்ததும் ஆஸ்பத்திரியில் கேட்டுக் கொடுங்கள். குப்பைப் பையில் சும்மா போட்டால் குத்துவது தூய்மைப் பணியாளர் கையில்தான்.

டோஸில் அவசரம் வேண்டாம்

2.5 மி.கி.யில் நாலு வாரம். அது உடம்பைப் பழக்குவதற்கு, "ஒரு கிலோகூடக் குறையலையே" என்று புலம்ப வேண்டாம். அப்புறம் 5 மி.கி. அதற்கு மேல் தேவைப்பட்டால் டாக்டர் சொல்லி, குறைந்தது நாலு வாரத்துக்கு ஒருமுறை 2.5 கூட்டலாம், உச்சம் 15. ஆனால் இந்த மருந்தை வைத்து நடந்து 2022இல் வெளியான சர்மவுண்ட்-1 ஆய்வில் 72 வாரத்தில் 5 மி.கி.யிலேயே சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது, 15 மி.கி.யில் சுமார் 21. குமட்டலோடு மல்லுக்கட்டி உச்சிக்கு ஓட என்ன அவசரம்? நான் 5இலேயே நிற்கிறேன்.

சாப்பாட்டில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஊசி போட்ட இரண்டாம் நாள் ஒரு கல்யாணப் பந்தியில் பழக்கத்தில் முழு இலையையும் முடித்தேன். இரவெல்லாம் அழுகின முட்டை நாற்றத்தோடு ஏப்பம், விடியற்காலையில் வாந்தி. வயிறு சொன்னதும் நிறுத்துங்கள், இலையில் மிச்சம் வைப்பது பாவமில்லை. பசி குறைவதால் இரண்டு இட்லியோடு நாள் ஓடிவிடும், அப்படி ஓடினால் கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, மீன், சுண்டல், பனீர் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். தண்ணீரும் கீரையும் குறைந்தால் மலச்சிக்கல் நிச்சயம்.

மேல்வயிற்றில் விடாத கடும் வலி, முதுகுக்குப் பரவி, வாந்தியும் சேர்ந்தால் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது கணைய அழற்சியாக இருக்கலாம்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் நாலு நாளுக்குள் ஞாபகம் வந்தால் போடலாம், தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த முறைநாளில் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது.

ஒரு பேனாவில் நாலு டோஸ்தான், ஆனால் நாலாவது ஊசிக்குப் பிறகும் அதில் கொஞ்சம் மருந்து தெரியும். பிரைமிங்குக்காகக் கூடுதலாக வைத்தது, அது ஐந்தாவது டோஸ் ஆகாது. சிரிஞ்சு வைத்து உறிஞ்ச முயன்றவர்களை எனக்குத் தெரியும். தூக்கிப் போட்டுவிடுங்கள்.