சேவைக் கணக்கில் வேற்றாள் நடமாட்டமா? கண்டுபிடிக்கும் வழி

வன்னியில் பரந்தன் பக்கத்து நெல் கொள்வனவு நிலையங்களின் நிறுவைக் கணக்குகளைக் கிளவுட்டில் பராமரிப்பது என் தொழில். தராசடிக் கணினி எடையையும் ஈரப்பதனையும் கோப்பாக்கி அனுப்புகிறது. அமேசான் கிளவுட்டின் மும்பைப் பிராந்தியத்தில் (அங்குள்ள தரவு மையங்களில்) உள்ள பக்கெட், அதாவது கோப்புக் களஞ்சியம், அதை வாங்கி வைக்கிறது. நடுவில் மனிதர் இல்லை. ஆளுக்கல்லாமல் நிரலுக்கென்று திறந்த ஒரு சேவைக் கணக்குத்தான் சாவியை (கடவுச்சொல் போன்ற இரகசியக் குறியீட்டை) காட்டிப் போய்வருகிறது. அதற்குக் கைப்பேசி கிடையாது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் கிடையாது, “அது நானில்லை” என்று முறையிட வாயும் கிடையாது. நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில், எந்தெந்தச் சாவி உயிரோடு இருக்கிறது என்று அறியுங்கள். அமேசானில் கணக்குகளையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம் பக்கத்தில் ‘கிரெடென்ஷியல் ரிப்போர்ட்’ என்ற கோப்பை இறக்கலாம். ஒவ்வொரு சாவியும் கடைசியாக எப்போது, எந்தப் பிராந்தியத்தில், எந்தச் சேவைக்குப் பயன்பட்டது என்று அதில் இருக்கும். தராசுக் கணக்குக்குக் கடவுச்சொல்லும் உண்டு என்று தெரிந்தால் அன்றைக்கே நீக்குங்கள். இயந்திரத்துக்கு எதற்குக் கடவுச்சொல்? அதன் பிறகும் அந்தப் பெயரில் ‘கன்சோல் லாகின்’ (நிர்வாகத் திரைக்குள் நுழையும்) முயற்சி பதிவானால் அதை விடாதீர்கள்.

அடுத்து, யார் என்ன செய்தார் என்று எழுதிவைக்கும் அமேசானின் கிளவுட்டிரெயில் சேவையில் உள்ள ‘ஈவென்ட் ஹிஸ்டரி’. கட்டணம் இல்லை, 90 நாள் பதிவு கிடைக்கும். சாவியின் எண்ணைக் கொடுத்துத் தேடலாம். நிர்வாகச் செயல்கள் மட்டுமே அதில் வரும்; கோப்பு ஏற்றுவதும் இறக்குவதும் வராது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ இதுதான் வசதி. எங்கள் தராசுக் கணக்கு கோப்பு ஏற்றுவதைத் தவிர வேறு வேலை பார்ப்பதில்லை. ஆகவே அந்தத் திரை வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு வரி இருந்தாலும் கேள்விதான்.

பெரும்பாலும் அந்த முதல் வரி ‘கெட்காலர்ஐடென்டிட்டி’ என்று இருக்கும். கையில் கிடைத்த சாவி யாருடையது என்று கேட்கும் அழைப்பு அது. அதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை என்பதால் திருடியவன் அதையே முதலில் கேட்கிறான். பிறகு என்னென்ன பக்கெட், யார் யார் பயனர் என்று கேட்கும் ‘லிஸ்ட்பக்கெட்ஸ்’, ‘லிஸ்ட்யூசர்ஸ்’, கூடவே வரிசையாக ‘அக்சஸ் டினைட்’ (அனுமதி மறுப்பு). ஒழுங்காக எழுதிய நிரல் தனக்கு உரிமையில்லாததைக் கேட்டுக்கொண்டு திரியாது. புதுப் பயனரை உருவாக்கும் ‘கிரியேட்யூசர்’ அல்லது புதுச் சாவி உருவாக்கும் ‘கிரியேட்அக்சஸ்கீ’ வெற்றியாகப் பதிவாகியிருந்தால் தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

மும்பையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். இந்தப் பதிவு பிராந்தியம் பிராந்தியமாகப் பிரிந்திருக்கிறது. ஐஏஎம் செயல்கள் வட வர்ஜீனியாவில் பதிவாகும். திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் நீங்கள் எட்டிப்பார்க்காத பிராந்தியத்தில்தான் சர்வர் எழுப்புவார்கள்.

கோப்பு நடமாட்டமும் தெரிய வேண்டுமானால் அந்த ஒரு பக்கெட்டுக்கு மட்டும் ‘டேட்டா ஈவென்ட்’ பதிவை இயக்குங்கள். அதற்குக் காசு உண்டு. ஏற்ற மட்டுமே வேண்டிய கணக்கு கோப்பை இறக்கினால் அது அபாயம். ஆனால் வன்னிக்கே உரிய பொய் எச்சரிக்கைகளும் இங்கேதான் முளைக்கும். தராசடியில் 4ஜி ரூட்டர்; மின்சாரம் போய் வந்தால் ஐபி முகவரி மாறிவிடும். ஆகவே முகவரியைப் பார்க்காமல் அது யாருடைய வலையமைப்பு என்று பாருங்கள். இலங்கைக் கைப்பேசி நிறுவனமென்றால் பரவாயில்லை. எங்கோ சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனமென்றால் தோண்டுங்கள். பதிவில் உள்ள நேரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். 03:00 என்றால் இங்கே காலை 8:30, தராசு சூடாக இருக்கும் நேரம். 20:30 என்றால் மறுநாள் அதிகாலை 2 மணி. அப்போது யார் நெல் நிறுக்கிறார்கள்? ஐப்பசியில் எடுத்த கோப்பு எண்ணிக்கையின் சராசரியை வைத்து மாசி, பங்குனிக் காலபோக அறுவடையில் எச்சரிக்கை அடிக்க விட்டால் இரண்டாம் நாளே அதை எல்லோரும் அணைத்துவிடுவார்கள்.

அமேசான் அல்லாமல் வேறு கிளவுட் வைத்திருக்கிறீர்களா? கூகுள் கிளவுட்டில் தரவை யார் தொட்டார் என்று காட்டும் டேட்டா அக்சஸ் பதிவு பெரும்பாலான சேவைகளுக்கு இயல்பில் அணைந்தே இருக்கும், இன்றே இயக்குங்கள். மைக்ரோசொஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவையான என்ட்ராவில் இயந்திரக் கணக்குகளின் நுழைவு ‘சர்விஸ் பிரின்சிபல்’ என்ற தனித் தாவலில் இருக்கிறது. இலவச உரிமத்தில் 7 நாள் பதிவுதான், ஆகவே வாரம் தவறாமல் பாருங்கள்.

திருட்டு உறுதியானால் சாவியை அழிக்காமல் செயலிழக்கச் செய்யுங்கள். எதை எங்கே பார்த்தான் என்று தேட அந்த எண்ணும் கடைசிப் பயன்பாட்டு விவரமும் வேண்டும். அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ‘கெட்ஃபெடரேஷன்டோக்கன்’ மூலம் தற்காலிக அனுமதி எடுத்திருந்தால், மூலச் சாவி செத்த பிறகும் அது 36 மணிநேரம் வரை உயிரோடிருக்கலாம். அதனால் அந்தக் கணக்கின் மீது எல்லாவற்றையும் மறுக்கும் கொள்கை ஒன்றையும் ஒட்டிவிடுங்கள்.

புதிய சாவியை நிலையப் பொறுப்பாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். ஏ-9 வீதியில் பஸ் ஓடுகிறது. நேரில் போய் ஏற்றிவிட்டு வாருங்கள்.