பிரஸ் ஷாப்பில் கான்பான் அட்டை: நான் போட்ட கணக்கு

அம்பத்தூரில் எனக்கு இரண்டு பவர் பிரஸ் (தகட்டை அடித்து வடிவாக்கும் மெஷின்). கார் சீட்டுக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கிறோம். ஒருமுறை ‘எப்படியும் போகும்’ என்று 6,000 அடித்து அடுக்கினேன். டிசைன் மாறிவிட்டது, அத்தனையும் எடைக்குப் போனது. அப்புறம்தான் கான்பானுக்கு வந்தேன்: டிரேக்கு ஒரு அட்டை, அட்டை திரும்பி வந்தால் மட்டும் அடிப்பது. டொயோட்டாவில் டாய்ச்சி ஓனோ சூப்பர்மார்க்கெட் முறையிலிருந்து எடுத்த யோசனை அது: அலமாரியில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு மட்டும் நிரப்பு.

எல்லாப் பார்ட்டிலும் ஒரேயடியாக இறங்காதீர்கள். அதிகம் ஓடும் ஒன்றை எடுங்கள். ஒரு நாளைக்கு 400 தேவை, அடித்து பிளேட்டிங் போய்த் திரும்ப 2 நாள் என்றால் 800. அதோடு கைக்காவலாகக் கால் பங்கு: 1,000. டிரேக்கு 100 பிடித்தால் 10 அட்டை.

டிரே காலியானால் அதன் அட்டை பலகைக்கு வரும். பலகையில் அட்டை இல்லையா, பிரஸ் ஓடக்கூடாது. இங்கேதான் சண்டையே வரும். மெஷின் சும்மா நின்றால் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். (எனக்கே பரபரக்கும்.)

ஒற்றை அட்டைக்காக பிரஸ்ஸில் டை (வடிவம் கொடுக்கும் அச்சு) ஏற்றுவது நஷ்டம், இரண்டு சேரட்டும். அதற்கு மேல் காத்தால் மிச்சமிருக்கும் டிரேக்கள் 2 நாள் தாங்காது. டை மாற்றும் நேரத்தைக் குறைத்தால் ஒற்றை அட்டைக்கும் ஓட்டலாம். போல்ட்டுக்குப் பதில் கிளாம்ப் போட்டு, அடுத்த டையை முன்கூட்டியே டிராலியில் தயாராக வையுங்கள்.

மாதம் ஒருமுறை அட்டைகளை எண்ணுங்கள். எங்களிடம் ஒன்று ஆபரேட்டரின் சட்டைப் பையில் இருந்தது.