சைக்காலஜி படிக்கக் கடன்: பெங்களூரில் கணக்குப் போடும் விதம்

சைக்காலஜி எம்.எஸ்சி. சேரப் போகிறவர்கள் பலர், கல்லூரி ஃபீஸையும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் வாங்கும் சம்பளத்தையும் எதிரெதிரே எழுதிப் பார்த்து “கட்டுப்படியாகும்” என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சம்பளம் அந்தப் பட்டத்துக்கு உரியதல்ல. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று தொழில் செய்ய ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும், வெறும் எம்.ஏ., எம்.எஸ்சி. சைக்காலஜிக்கு அது கிடைக்காது. அந்தப் பட்டத்தோடு நேரே போகக்கூடியவை பள்ளி கவுன்சலர், தொண்டு நிறுவனம், ஹெச்.ஆர்., ஆராய்ச்சி உதவியாளர் போன்ற வேலைகள். கடனை எடைபோட வேண்டியது இவற்றின் முதல் சம்பளத்தோடுதான்.

ஆகவே முதல் வேலை, எந்தப் படிப்பு எந்த வேலை வரை கொண்டுபோய் விடும் என்று பார்ப்பது. பதிவுக்கு வழியாக இருந்த எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜிக்கு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொடுத்த நீட்டிப்பு 2025-26 சேர்க்கை வரை. அதற்குப் பதிலாக ஆர்.சி.ஐ. புதிய படிப்புகளைக் கொண்டுவந்திருக்கிறது. கல்லூரி விளம்பரத்தில் ‘கிளினிக்கல்’ என்று இருந்தால் மட்டும் போதாது. ஆர்.சி.ஐ. அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எந்தப் படிப்புக்கு, எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு, எத்தனை இடங்களுக்கு என்று மூன்றையும் பாருங்கள். ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்ற பதிலை நம்பி வங்கிக்குப் போக வேண்டாம். பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸில் இடம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இப்போதே கடன் வாங்குவதும் வேண்டாம். இடங்கள் குறைவு, போட்டி நாடு முழுவதும்.

தொலைநிலையில் மலிவாக முடித்துவிடலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ புதிதாக நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது.

அடுத்தது சம்பளம். கல்லூரி சொல்லும் ‘அதிகபட்ச பேக்கேஜ்’ எதற்கும் உதவாது. அதே துறையில் இரண்டு வருடம் முன்பு முடித்த ஐந்தாறு பேரிடம் மாதாமாதம் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். வேலை கிடைக்க எத்தனை மாதம் ஆனது, இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கொடுத்தார்களா, இவர்கள்தான் கட்டினார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஆண்டுக்கு 4 லட்சம் சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் மாதம் 33,333 வராது. அடிப்படைச் சம்பளம் பாதி என்று வைத்தால், நிறுவனத்தின் பி.எஃப்., கிராஜுவிட்டி, உங்கள் பி.எஃப்., கர்நாடகத் தொழில்வரி 200 எல்லாம் போக, கையில் நிற்பது சுமார் 28,300. குழுக் காப்பீட்டுக்கும் பிடித்தால் 28,000.

இந்த 28,000-லிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பி.ஜி. விடுதியில் தங்குகிறவர் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்கு ஒதுக்கினால் பெங்களூரில் மூச்சு முட்டும். அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ சொந்த வீடு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை தாங்கும். ஐந்தில் ஒன்று 5,600. பத்து வருடம், 10% வட்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 1,322. 5,600-ஐ 1,322-ஆல் வகுத்தால் 4.2 லட்சம். இது வாங்கக்கூடிய கடன் அல்ல, தவணை தொடங்கும் நாளில் இருக்கலாம் என்ற பாக்கி.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அநேகர் கோட்டை விடுகிறார்கள். இரண்டு வருடப் படிப்புக்கு ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 3 லட்சமாக மொத்தம் 6 லட்சம் வாங்குகிறீர்கள். படிப்புக் காலமும் அதற்குமேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. வட்டி மட்டும் (தனிவட்டியாக) ஓடும். முதல் 3 லட்சத்துக்கு மூன்று வருட வட்டி 90,000, அடுத்ததற்கு இரண்டு வருட வட்டி 60,000. தவணை ஆரம்பிக்கும்போது பாக்கி 7.5 லட்சம், மாதம் 9,900. கடைசியில் கட்டி முடிப்பது கிட்டத்தட்ட 11.9 லட்சம். வட்டியை அவ்வப்போது வீட்டில் கட்டிவந்தால் (முதல் வருடம் மாதம் 2,500, பிறகு 5,000) தவணை 7,930-ஆகக் குறையும். மொத்தத்தில் 88,000 போல மிச்சம். 6 லட்சம் 7.5 லட்சமாவது 1.25 மடங்கு. ஆக, வட்டி கட்டாதவர் மேலே வந்த 4.2 லட்சத்தை 1.25-ஆல் வகுக்க வேண்டும். வாங்கலாம் என்பது சுமார் 3.4 லட்சம். ஃபீஸ் அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு ஸ்காலர்ஷிப், சேமிப்பு, அல்லது குறைந்த ஃபீஸ் வாங்கும் அரசுப் பல்கலைக்கழகம்.

“பிறகு சொந்தமாக கவுன்சலிங் செஷன் எடுப்பேன்” என்கிறவர்களுக்குத் தனிக் கணக்கு. ஒரு செஷன் 1,000 ரூபாய், வாரத்துக்கு 12 என்று வையுங்கள். கேட்க மாதம் 48,000. வாரத்துக்கு இரண்டு பேர் வராமல் போவார்கள். கிளினிக் 40% எடுத்துக்கொண்டால் 24,000. மாதம் இரண்டு சூப்பர்விஷனுக்கு (மூத்த நிபுணரிடம் ஆலோசனை பெறுவதற்கு) 3,000 போனால் 21,000. மே மாத விடுமுறையிலும் தீபாவளி வாரத்திலும் இதுவும் குறையும், தவணை குறையாது. தமிழோடு கன்னடத்திலும் செஷன் எடுக்கத் தெரிந்தால் ஆள் சேர்வது சீக்கிரம் நடக்கும். அதை வரவில் எழுதாதீர்கள், துணிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் பொதுவாக 4 லட்சம் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை ஜாமீன்; அதற்குமேல் சொத்து அடமானம். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி பட்டியலில் உள்ள கல்வி நிறுவனம் என்றால் இரண்டுமே வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3% வட்டி மானியமும் உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இது கிடையாது.

சாங்ஷன் லெட்டரில் (கடன் ஒப்புதல் கடிதத்தில்) கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய வரி, படிப்புக் காலத்து வட்டி தனிவட்டியா கூட்டுவட்டியா என்பது. சில தனியார் நிதி நிறுவனங்கள் கூட்டுவட்டி போடும், அல்லது படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்லும். ஆயுள் காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருந்தால் அதற்கும் பத்து வருடம் வட்டி போகும். வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. பி.ஏ.வுக்கு வாங்கிய கடன் இருக்கும்போதே எம்.எஸ்சி. சேர்ந்தால் அட்மிஷன் கடிதத்தோடு கிளைக்குப் போய் மாரட்டோரியத்தை (தவணை இல்லாத காலத்தை) நீட்டச் சொல்லி மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவையுங்கள். கொடுக்காவிட்டால் தவணை தானாக ஓட ஆரம்பிக்கும். அதைக் கட்டாமல் விட்டால் உங்கள் சிபில் ஸ்கோரோடு இணைக்கடனாளியான அப்பாவின் ஸ்கோரும் அடி வாங்கும்.