கேரம் போர்டில் ஸ்கீ ஓட்டலாம்: திருப்ப ஆரம், செய்து பார்க்க

வண்ணாரப்பேட்டையில் பனி ஏது? காசிமேட்டில் மீன் பெட்டிக்குக் கொட்டும் ஐஸோடு சரி. ஆனாலும் ராத்திரியில் போனில் பனிமலைச் சரிவில் ஸ்கீயில் இறங்கும் ஆல்பைன் பந்தயம் பார்ப்போம். கேரம் கிளப்பில் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, ஜெயன்ட் ஸ்லாலம் ஸ்கீக்கு ஆரம் 30 மீட்டர்னு சொல்றாங்களே, ஸ்கீயே ரெண்டு மீட்டர் இல்லையே?" கம்பங்களைச் சுற்றி அகலமாகத் திரும்பி இறங்கும் பந்தயம்தான் ஜெயன்ட் ஸ்லாலம். பதிலைப் போர்டிலேயே காட்டினேன்.

முதலில், புதுச்சட்டையோடு வரும் அட்டையில் 30 செ.மீ. நீளத்துக்கு இரண்டு பட்டை வெட்டுங்கள். முனைகள் 4 செ.மீ. அகலம். நடுவில் ஒன்றை 2 செ.மீ., மற்றதை 3 செ.மீ. ஆக ஒடுக்குங்கள். ஓரம் வில் மாதிரி சீராக வளைய வேண்டும். முக்கோணமாக வெட்டினால் வேலைக்கு ஆகாது.

ஓரத்தின் குழிவு முதல் பட்டையில் 1 செ.மீ., அடுத்ததில் அரை செ.மீ. நீளத்தின் வர்க்கத்தைக் குழிவின் எட்டு மடங்கால் வகுத்தால் ஆரம்: சுமார் 112, 225 செ.மீ. அந்த ஓரத்தை வட்டமாக முடித்தால் வரும் ஆரம் அது. பையன் கேட்ட 30 மீட்டரும் இதே கணக்குதான்.

அப்புறம் போரிக் பவுடரைத் தாராளமாகத் தூவி, முதல் பட்டையை ஓரத்தில் சாய்த்து, நடுவை விரலால் அழுத்துங்கள். ஓரம் முழுக்கப் பலகையைத் தொட்டதும் அந்த வளைவின் போக்கிலேயே தள்ளுங்கள். மெல்லிய கோடு விழுந்தால் சரி. துடைத்த மாதிரி அகலத் தடம் விழுந்தால் பட்டை வழுக்கியிருக்கிறது. எனக்கு முதலில் அதுதான் விழுந்தது. பந்தயத்தில் அந்த வழுக்கல்தான் பிரேக்.

இன்னும் சாய்த்தால் வளைவு இறுகும். 60 டிகிரியில் ஆரம் பாதியாகிவிடும்: 30 மீட்டர் ஸ்கீ 15 மீட்டரில் திரும்பும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்தத் திருப்பம் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு வெளியே தள்ளும். கால் தாங்க வேண்டுமே!

அப்போ ஆரம் சின்னதாக இருந்தால் நல்லதா? மின்ட் சந்துக்குள் ஆட்டோ சட்டென்று திரும்பும். அதையே நூறில் விரட்டினால் ஹேண்டில் உதறும். கம்பங்கள் நெருங்கிய ஸ்லாலமுக்கு 12, 13 மீட்டர் ஸ்கீ. வேகமே முக்கியமான டவுன்ஹில்லில் சர்வதேச விதிப்படி 50 மீட்டராவது வேண்டும்.

2012-ல் முழங்கால் காயங்களைக் குறைக்க, ஆண்கள் ஜெயன்ட் ஸ்லாலம் ஆரத்தை 27-லிருந்து 35 மீட்டராக்கினார்கள். அமெரிக்க வீரர் டெட் லிகெட்டி பலமாக எதிர்த்தார். ஆனால் 2013-ல் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் போட்டியில் அதே 35 மீட்டர் ஸ்கீயில் ஜெயன்ட் ஸ்லாலம் தங்கம் அவருக்கே, மொத்தம் மூன்று தங்கம்! இடுப்பு பனியை உரசும் அளவுக்குச் சாய்வார் மனிதர். 2017-ல் 30 ஆகக் குறைத்தார்கள்.

கடைசியாக இரண்டாவது பட்டையை எடுத்து, முதல் பட்டை போட்ட கோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒன்று, இன்னும் அதிகமாகச் சாய்க்க வேண்டும், இல்லையென்றால் வழுக்கும். முடிந்ததும் பவுடரைத் தட்டிவிடுங்கள், ஸ்ட்ரைக்கர் நிற்காமல் ஓடினால் பையன்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.