நாள் தள்ளிப்போனதும்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை குளியலறையில் இரண்டு கோடு பார்த்தேன். மறுநாள் எட்டு மணிக்கு ஜிபி சர்ஜரிக்கு, அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு, போன் போட்டு, வரிசையில் பதினேழாவது ஆளாகக் காத்திருந்து, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ரிசெப்ஷனில் இருந்த பெண் வாழ்த்துச் சொன்னார். "மருத்துவமனை இணையதளத்தில் ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பி அனுப்புங்கள், மிட்வைஃப் (பேறுகாலம் பார்க்கும் செவிலி) கூப்பிடுவார்" என்றார். வைத்துவிட்டார். இரத்தப் பரிசோதனை? ஸ்கேன்? மூச்சே இல்லை. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னபோது, "டாக்டரே பார்க்கலையா? என்ன ஊர்டி அது!" என்றாள்.

நம்மவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஊரில் நாள் தள்ளிப்போன வாரமே இரத்தம் எடுப்பார்கள், ஆறாவது வாரம் ஸ்கேன், கையோடு புரொஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன் மாத்திரை, படியேறாதே, பக்கெட் தூக்காதே. இங்கே வீட்டில் நீங்கள் செய்த டெஸ்டையே நம்பிக்கொள்கிறார்கள். சிக்கல் ஒன்றும் இல்லை என்றால் முதல் ஸ்கேன் 11-ஆவது வாரத்துக்கும் 14-ஆவது வாரத்துக்கும் நடுவில். மிட்வைஃபோடு முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள். அதுவரை உங்களை யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். இதை அலட்சியம் என்று நினைத்து நான் அழுதிருக்கிறேன். பிறகுதான் புரிந்தது: முதல் வாரங்களில் கலைகிற கரு பெரும்பாலும் குரோமோசோம் கோளாறால் கலைவது. படுத்தே கிடந்தாலும் வாராவாரம் ஸ்கேன் எடுத்தாலும் அது மாறாது. ஆனால் அவர்கள் சும்மா இருக்கிற இந்த வாரங்களில் நாம் சும்மா இருக்கக் கூடாது.

முதலில் கணக்கு. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஆகவே நாள் தள்ளிப்போன அன்றே நீங்கள் நாலு வாரம். மொத்தம் 40 வாரம். நம் பாட்டிகள் சொன்ன பத்து மாதம் இதுதான், 28 நாளை ஒரு மாதமாக வைத்துப் பெருக்கிப் பாருங்கள். படிவத்திலும் போனிலும் அந்தத் தேதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். பக்கத்து மருத்துவமனையின் பெயரோடு 'மெட்டர்னிட்டி செல்ஃப் ரெஃபரல்' என்று தேடினால் வரும். வராவிட்டால் சர்ஜரியில் கேளுங்கள். ஜிபியில் இன்னும் பதியவில்லை என்றால் அதையும் செய்யுங்கள். வாடகை ஒப்பந்தம் இல்லை, கரண்ட் பில் இல்லை என்று தயங்க வேண்டாம், பதிவதற்கு முகவரிச் சான்றோ விசா ஆவணமோ கட்டாயமில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள். கட்டாயமில்லை என்று பணிவாகச் சொல்லுங்கள்.

அப்புறம் ஃபோலிக் ஆசிட். 12 வாரம் முடியும்வரை தினம் 400 மைக்ரோகிராம், அதோடு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி. சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஊரிலிருந்து எடுத்துவந்த அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்: அங்கே பொதுவாகத் தருவது 5 மில்லிகிராம், அதாவது பன்னிரண்டு மடங்குக்கும் மேல். சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறு) போன்ற காரணம் இருந்தால் இங்கேயும் அந்த 5 மில்லிகிராமைத்தான் தருவார்கள், ஆனால் டாக்டர் சொல்லி. தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மிட்வைஃபுக்காகக் காத்திருக்கவே கூடாது. டெஸ்ட் பாசிட்டிவ் என்றதும் ஜிபியைக் கூப்பிடுங்கள், டோஸ் கூட்ட வேண்டியிருக்கும். தலைவலிக்குப் பாரசிட்டமால் போதும், ஐபுபுரோஃபென் வேண்டாம். லேகியம், சூரணம் எதுவாக இருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும், சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன.

மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரவாக்கில் ஆரம்பிக்கும். ஊரில் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடலாம். இங்கே குளிர்காலத்தில் ஜன்னல் மூடிய ஃபிளாட்டில் ஒரு தாளிப்பு வாசனை மூன்று நாள் திரைச்சீலையில் உட்கார்ந்திருக்கும். எனக்குக் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாலே குமட்டியது. இரண்டு மாதம் வீட்டில் தாளிப்பே இல்லை, தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், ஆகவே தலைமாட்டில் ரஸ்க் வைத்துக்கொண்டு எழுந்திருப்பதற்கு முன்பே ஒன்றைக் கடியுங்கள். ஆனால் ஒரு நாள் முழுக்க எதுவுமே வயிற்றில் நிற்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, போனாலும் கறுத்துப் போகிறது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. அன்றைக்கே ஜிபி, இல்லாவிட்டால் 111 என்கிற மருத்துவ உதவி எண். கர்ப்பத்தில் கொடுக்கிற வாந்தி மாத்திரைகள் இருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தால் யாரும் பதக்கம் தரப்போவதில்லை.

சாப்பாட்டில் ஊர்ப் பட்டியலும் இந்த ஊர்ப் பட்டியலும் பல இடங்களில் இடிக்கும். இரத்தம் ஊற ஈரல் சாப்பிடு என்பார்கள் வீட்டில். இங்கே ஈரல் கூடவே கூடாது என்பார்கள், வைட்டமின் ஏ அளவுக்கு மேல் போய்விடும். தமிழ்க் கடை மீன் பெட்டியில் சுறாவைப் பார்த்ததும் எனக்குப் புட்டு ஞாபகம் வந்துவிட்டது. கர்ப்பத்தில் சுறா வேண்டாம், பாதரசம் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் கொடுப்பது நம் வழக்கம், அப்போதும் வாரத்துக்கு ஒரு வேளைக்கு மேல் கூடாது என்கிறது இந்த ஊர் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். முட்டையில் சிவப்புச் சிங்க முத்திரை இருந்தால் ஹாஃப் பாயில்கூடச் சாப்பிடலாம். இன்ஸ்டன்ட் காபி நாளுக்கு இரண்டு மக், அதோடு சரி. பப்பாளி இங்குள்ள தவிர்க்கும் பட்டியலில் இல்லை. அதற்காக மாமியாரோடு சண்டை போடாதீர்கள், மூன்று மாதம் பப்பாளி தின்னாவிட்டால் குடி முழுகிவிடாது.

இனி பயமான விஷயம். தெரிந்த கர்ப்பங்களில் எட்டில் ஒன்று கலைகிறது. லேசாகப் பட்டதெல்லாம் கலைவதும் இல்லை. துளி இரத்தம் பட்டாலும் மிட்வைஃபையோ ஜிபியையோ கூப்பிடுங்கள், இரவானால் 111. மருத்துவமனைகளில் 'ஏர்லி ப்ரெக்னன்சி யூனிட்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. 11 வாரத்துக்கு முன்னால் ஸ்கேன் கிடைப்பது அங்கேதான். முன்பு ஒரு முறை கலைந்து, இப்போதும் இரத்தம் பட்டால், புரொஜெஸ்டிரோன் பற்றி நீங்களே கேளுங்கள். 2021 முதல் அப்படிப்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல் என்றால் கரு கருப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கியிருக்கலாம். கடுமையான வலி, மயக்கம் என்றால் உடனே 999, ஆம்புலன்ஸ் வரும். அக்கம்பக்கத்தில் கார் கேட்டு அலைய வேண்டாம்.

பணத்தை நினைத்துத் தயங்குகிறவர்களும் உண்டு. விசாவுக்கே ஆண்டுக்கு 1,035 பவுண்ட், மாணவர் என்றால் 776, சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்தீர்கள்? பிரசவம் முடியும்வரை எல்லாம் அதில் அடக்கம். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட், கர்ப்பிணிக்கு அதுவும் இலவசம். ஆனால் அதற்கான விலக்குச் சான்றிதழை மிட்வைஃபிடமோ ஜிபியிடமோ கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பல் வைத்தியமும் இலவசம். விசிட்டர் விசாவில் இருப்பவர்களுக்குப் பில் வரும். அப்போதும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது விதி. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: மகப்பேற்று ஊதியம் வாங்கினால் விசா கெட்டுவிடும் என்று சில வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. விசாவில் வாங்கக் கூடாது என்று போட்டிருக்கிற அரசு உதவித்தொகைக் கணக்கில் அது வராது.

மிட்வைஃபோடு முதல் சந்திப்பு ஒரு மணி நேரமாவது ஆகும். எடை, ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்தம். தலசீமியா சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், பத்து வாரத்துக்குள் செய்தால்தான் யோசிக்க நேரம் இருக்கும். உங்களுக்கு அதன் கூறு இருந்தால் கணவருக்கும் ரத்தம் எடுப்பார்கள். கேள்விகள் சில சங்கடமாக இருக்கும். கணவர் இரத்த உறவா என்பார்கள். அத்தை மகன், தாய்மாமன் என்றால் ஒளிக்காமல் சொல்லுங்கள், அவர்கள் முகம் சுளிப்பதில்லை. ஒரு கட்டத்தில் கணவரை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று கேட்பார்கள். எல்லாரிடமும் கேட்பதுதான். என் கணவர் வெளி நாற்காலியில் உட்கார்ந்து, என்ன தப்பு செய்தோம் என்று விழித்துக்கொண்டிருந்தார்.

ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள், இலவசம். கணவரை மொழிபெயர்க்க விடமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் போனில்தான் வருவார்கள், பலர் ஈழத்தமிழர். மதுரையிலிருந்து வந்த என் தோழியிடம் அப்படி ஒரு அக்கா, "முழுகாம இருக்கிறீங்கள், சரி, சத்தி இருக்கோ?" என்று கேட்டிருக்கிறார். இவள், "உடம்புல சக்தியே இல்லைங்க" என்றிருக்கிறாள். மிட்வைஃப், வாந்தி இல்லை என்று எழுதிக்கொண்டார். வெளியே வந்து வாசல் செடியோரம் வாந்தி எடுத்த பிறகுதான் சத்தி என்றால் என்ன என்று விசாரித்தாள். உள்ளே திரும்பிப் போய்த் திருத்தச் சொன்னாள், திருத்தினார்கள்.